தேன்பாறை வரைபடத்தில் இல்லை: நீலகிரியில் ஐந்து நாள்

நாள் 1 – மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே

ஈரோட்டில் அதிகாலை ரயில் ஏறி, கோவையில் மாறி, மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. மே மாதம் என்பதால் சாலை முழுக்கக் கார்கள். 2024 மே முதல் நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும், அதனால் ஆளாளுக்குப் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அரசுப் பேருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

பக்கத்து இருக்கையில் ஓர் இருளர் அக்கா, மடியில் ரேஷன் பை. குஞ்சப்பனை வருவதற்குச் சற்று முன்னால் அவர் போனில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. காதில் வைத்துக் கேட்காமல் எல்லாருக்கும் கேட்கும்படியே போட்டார். ஒரு ஆண் குரல், பதற்றமே இல்லாமல், இருள மொழியில். தமிழுக்கு நெருங்கிய மொழி என்பதால் யானை, பலாமரம், ரோட்டுக்கு மேல்புறம் என்று துண்டு துண்டாக எனக்கும் பிடிபட்டது. அக்கா எட்டி, "அண்ணா, அடுத்த வளைவுக்கு மேல ரெண்டு நிக்குதாம், குட்டியும் இருக்காம், மெதுவாப் போகச் சொல்லுங்க" என்று கண்டக்டரிடம் சொன்னார். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பலாப்பழக் காலத்தில் அந்தச் சரிவுகளுக்கு யானைகள் வருவது வழக்கம்தான். யானை கண்ணில் படவில்லை, சாலை நடுவில் இன்னும் ஆவி பறக்கும் லத்தி மட்டும் கிடந்தது.

"ஏன்க்கா, எழுதி அனுப்ப மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எழுதுனா தமிழ்ல எழுதணும். பேசுனா எங்க பாஷையிலேயே சொல்லிடலாம்ல."

இதைக் கேட்கத்தான் இந்தப் பயணமே கிளம்பினேனோ என்று அப்போது தோன்றியது. போன மாதம் அலுவலகத்தில் ஒரு பேச்சு வந்தது, காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போன் போனதும் பண்பாடெல்லாம் போய்விட்டது என்று ஒருவர் அடித்துப் பேசினார், இன்னொருவர் அதெல்லாம் இல்லை, போன் வந்தால்தான் அவர்கள் முன்னேறுவார்கள் என்றார். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று விடுப்பு போட்டேன். தினமும் இரவு எழுதிப் போடுவதாக எண்ணம்.

நாள் 2 – கோத்தகிரி

காலையில் நல்ல பனி. கோத்தகிரி என்ற பெயரே கோத்தர்களிடமிருந்து வந்தது, கோத்தர் கேரி என்பது மருவியது என்பார்கள். கோத்தர்களின் குடியிருப்புகள் மொத்தமே ஏழு, அவற்றைக் கோக்கால் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு இனங்களும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாருமே இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஊட்டிக்கு வந்து மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்குகிற நமக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை, அது எனக்கு வருத்தமான விஷயம்.

இங்கே ரேடியோ கோத்தகிரி என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது, அலைவரிசை 90.4. கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்துவது. தமிழோடு இந்த மலையின் பழங்குடி மொழிகளிலும் பேசுகிறார்கள். இந்தியாவில் தொண்டு நிறுவனங்களும் இப்படி வானொலி நடத்தலாம் என்று 2006-ல்தான் விதி வந்தது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் சேர்ந்து உருவாக்கியதாக இருக்க வேண்டும், சொந்தமாகச் செய்தி வாசிக்க மட்டும் அனுமதி இல்லை. சரி, செய்தி வேண்டாம். தன் பாட்டி பேசுகிற மொழி பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்கிற ஒரு குழந்தைக்கு அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ், கடையில் தமிழ், ஆபீஸில் தமிழும் இங்கிலீஷும். வீட்டு மொழி வீட்டுக்குள்ளேயே கூசிக் குறுகி நிற்கிறது. தோட மொழியையும் கோத்த மொழியையும் யுனெஸ்கோ மிக மோசமான அழிவு நிலையில் இருக்கும் மொழிகள் என்று பட்டியலிட்டிருக்கிறது.

இந்த மொழிகளுக்குத் தனி எழுத்து கிடையாது. தமிழ் எழுத்தில் எழுதலாம்தான், ஆனால் தோட மொழியில் இருக்கிற உரசொலிகளையும் வகைவகையான ரகரங்களையும் நம்முடைய முப்பது எழுத்துக்குள் எப்படி அடைப்பது? இருபது வருஷத்துக்கு முன் வந்த சாதாரண போன் இவர்களை எழுத்துத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரித்தது. குரல் செய்தி வந்த பிறகு அந்தக் கோடு மங்கிவிட்டது. நேற்று பஸ்ஸில் அந்த அக்கா சொன்னது இதைத்தான்.

மதியம் ஆதிமலை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழுப் பெயர் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம், 2013-ல் பதிவானது. பங்குதாரர்கள் பழங்குடி மக்களே. தேன், காப்பி, மிளகு, சீயக்காய், பூந்திக்கொட்டை, சிறுதானியம் என்று காட்டிலும் வயலிலும் கிடைப்பதை ஊரிலேயே சுத்தம் செய்து, பொட்டலம் போட்டு விற்கிறார்கள். 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில். ஆனால் எதை எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது காட்டைப் பார்த்துச் சொல்கிற பெரியவர்கள் கையில்.

நாளைக்கு ஒரு குறும்பர் ஊருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேன் காலம்.

நாள் 3

போய்விட்டு வந்தேன். இன்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் போடவில்லை. அந்த ஊரில் ஒருவருக்கு முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். ஊர்ப் பெயரும் எழுதப் போவதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாள் 4 – ஊட்டி, ஒரு மந்து

தோடர் குடியிருப்பை மந்து என்கிறோம். ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மந்துக்கு, முன்பே பேசி வைத்திருந்ததால் போக முடிந்தது. புல்வெளிச் சரிவில் இப்போது ஓட்டு வீடுகளும் கான்கிரீட் வீடுகளும்தான். சற்றுத் தள்ளி, பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போல வளைந்த கூரையோடு எருமைப் பால் கோயில். அதற்கருகே போகக்கூடாது, படமும் எடுக்கக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் போனைப் பைக்குள் போட்டேன்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா வெயிலில் உட்கார்ந்து, பூத்துக்குளி என்கிற தோடர் சால்வைக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தார். தோட எம்பிராய்டரி என்று நாம் சொல்வதை அவர்கள் புக்கூர் என்கிறார்கள். வெளுக்காத வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல், ஒரு ஊசி. துணியில் பென்சில் கோடு இல்லை, சட்டம் இல்லை, மாதிரித் தாள் இல்லை. துணியின் இழைகளை எண்ணித்தான் ஊசி இறங்குகிறது. நான் ஏதோ கேட்க, அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நூலை இழுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "எண்ணிட்டு இருந்தேன்மா. விட்டா மறுபடி முதல்ல இருந்து." துணியைக் கையில் கொடுத்தார். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன், எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நூல் நெருக்கமாக நெய்தது போலவே எழும்பி நிற்கிறது, விரலால் தடவினால் வரப்பு வரப்பாகத் தட்டுப்படுகிறது.

விற்பனையை மருமகள் பார்க்கிறார். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது, பணம் ஜிபேயில் வருகிறது, பார்சல் தபாலில் போகிறது. நடுவில் கடைக்காரர் யாரும் இல்லை. முன்பெல்லாம் ஊட்டிக் கடைகளில் கொடுத்துவிட்டு எப்போது காசு வரும் என்று நடையாக நடக்க வேண்டியிருந்ததாம். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். "கிட்டக்க ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுவாங்கக்கா. முன்னாடி அனுப்பிட்டிருந்தேன். அப்புறம் பார்த்தா அதே பூ, துணியில அச்சடிச்சு டவுன்ல தொங்குது." 2013-ல் தோட எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டத்தில் அது பாதுகாப்புதான். ஆனால் இரண்டாயிரம் பேர் அளவே உள்ள ஒரு சமூகம், ஒவ்வொரு சுற்றுலாக் கடையிலும் போய் இது எங்களுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் அவர் தானே ஒரு வழி வைத்திருக்கிறார். சால்வையை மடித்து, ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து படம். நம்பி வாங்குகிறவர்கள் போதும் என்கிறார். அம்மா எண்ணுவதை வீடியோ எடுத்துப் போட்டால் நன்றாக இருக்குமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அவர்களுடைய பாட்டுகளை 1930களில் எமனோ என்ற மொழியியலாளர் இங்கே வந்து தங்கிக் கேட்டு எழுதினார். அந்தப் பாட்டுகள் இன்று வெளிநாட்டு நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. மருமகளிடம் அதைச் சொன்னபோது, "எங்க பசங்க போன்ல இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

நாள் 5 – கூடலூர்

ஊட்டியிலிருந்து இறங்க இறங்கக் குளிர் விட்டது. கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் எல்லாரும் இருக்கிறார்கள். 1988 டிசம்பர் 5 அன்று நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் இந்த ஊர்த் தெருவில் ஊர்வலம் போனார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறது. அன்று ஊருக்கு ஊர் நடந்து போய்த்தான் ஆள் சேர்த்திருக்கிறார்கள்.

இங்கே நான் சந்தித்த ஒரு பணியர் அக்கா தன் ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து இன்னொரு அட்டையை எடுத்துக் காட்டினார். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகைக்கான பரிசோதனை அட்டை. இந்த நோய் இந்தப் பகுதிப் பழங்குடி மக்களிடம் அதிகம். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் நாடு முழுக்க 7 கோடிப் பேர் என்ற இலக்கோடு ரத்தம் பார்த்து, முடிவை இணையத்தில் ஏற்றி, அட்டை கொடுக்கிறார்கள். தேவையான வேலைதான். அம்மா, அப்பா இருவரிடமும் அந்த மரபணு இருந்தால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதனால் கல்யாணத்துக்கு முன் தெரிந்திருப்பது நல்லது. அக்காவுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் கவலை வேறு. "பாப்பாவுக்கு இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டுவா? கம்ப்யூட்டர்ல போட்டதை யார் யார் பார்ப்பாங்க?" யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. ரத்தம் எடுக்கிற இடத்திலேயே, அவருடைய மொழியில், இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் உறுதியாக நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் – இப்போது

சரி, அனுமதி வந்துவிட்டது.

ஜீப் நின்ற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் இறக்கம். கூட வந்தது அந்த ஊர்ப் பெண், இருபது இருபத்தொரு வயது, கல்லூரி முடித்தவள். அவளுடைய தாத்தா தேன் எடுப்பவர், இப்போது ஏறுவதில்லை, முட்டி வலி. மகன்கள் ஏறுகிறார்கள்.

பாறையில் தொங்கும் பெருந்தேனீக் கூட்டைக் காட்டுக்கொடியில் முறுக்கிய ஏணி கட்டித்தான் எடுக்கிறார்கள். மேலே நின்று கொடியைக் காப்பது மைத்துனர். தங்கை தாலி அறுப்பதை அண்ணன் விரும்ப மாட்டான், அதனால்தான் அவன் கையில் உயிர் என்று தாத்தா சொன்னார். பல நாள் முன்பிருந்தே விரதம். பச்சை இலைக் கட்டைப் புகைய விட்டு ஈக்களை விலக்கி, தேன் இருக்கிற பாகத்தை மட்டும் அறுத்து, புழு இருக்கிற பாகத்தை விட்டுவிடுவார்கள். எல்லாக் கூட்டையும் தொடுவதில்லை. நான் பாறைக்குப் போகவில்லை. கேட்டேன், வேண்டாம் என்றார்கள்.

எடுத்து வந்த தேனை ஒரு சின்ன அறையில் பார்த்தேன். அந்தப் பெண் தேனில் இரண்டு சொட்டு எடுத்து ஒரு கருவியின் கண்ணாடி மேல் விட்டாள். கைக்குள் அடங்குகிற கருவி, பொத்தானை அழுத்தினால் தேனில் எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும். 23 என்று வந்தது. நூற்றுக்கு 20-க்கு மேல் ஈரம் இருந்தால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி விற்க முடியாது, வைத்தால் புளித்துப் பொங்கியும் விடும். பாறைத் தேனில் ஈரம் கூடத்தான் இருக்கும், அதை அதிகம் சூடுகாட்டாமல் குறைக்க வேண்டும். அவள் நோட்டில் தேதி, எண், எடை எழுதி, அப்புறம் போனிலும் ஏற்றினாள். தாத்தா அதே தேனில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "நாவல் பூ வந்துருச்சு" என்றார். கொஞ்சம் கசந்தது எனக்கும் தெரிந்தது. நாவல் பூக்கிற காலத்துத் தேன் கசக்கும். பேத்தி அதையும் எழுதிக்கொண்டாள். நோட்டில் அதற்கென்று ஒரு கட்டம் அவளே போட்டிருக்கிறாள்.

திண்ணையில் உட்கார்ந்தபோது அவள் போனில் ஒரு வரைபடம் காட்டினாள். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் காட்டின் மேல் ஊருக்கே பொதுவான சமூக உரிமை கேட்டு மனு போட, ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு எல்லை முழுக்க அவளும் இன்னும் நாலு பேரும் நடந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தச் சட்டப்படி பட்டா கொடுப்பதே நீதிமன்ற உத்தரவால் பல வருஷம் நின்று கிடந்தது, 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. கிராம சபை முன் வைக்கிற ஆதாரங்களில் பெரியவர்களின் வாய்மொழியும் செல்லும் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனாலும் வரைபடம் இருந்தால் ஆபீஸில் நம்புகிறார்கள் என்றாள். ஊற்று, புதைகாடு, பழைய குடியிருப்பு, கிழங்கு தோண்டும் இடம், மாடு மேயும் பாதை எல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தன.

"தேன்பாறை?" என்று கேட்டேன்.

"போட்டிருந்தேன்க்கா. தாத்தா எடுக்கச் சொல்லிட்டாரு."

தாத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "பேப்பர்ல போனா யார் கையிலயும் போகும். இன்னார் குடும்பத்துக்கு இன்ன பாறைன்னு எங்களுக்குத் தெரியும். அதுக்குக் காகிதம் வேண்டாம்." இடம் தெரிந்தால் வெளியாள் வந்து இரவோடு இரவாகக் கூட்டையே கருக்கி எடுத்துப் போவான், அடுத்த வருஷம் ஈ வராது என்பது அவர் பயம். பேத்தி மறுத்துப் பேசியிருக்கிறாள், பாறையைச் சொல்லாவிட்டால் உரிமை எப்படிக் கேட்பது என்று. இரண்டு கூட்டம் போட்டு விவாதித்திருக்கிறார்கள். கடைசியில் காட்டின் அந்தப் பக்கம் முழுவதையும் எல்லைக்குள் கொண்டுவந்து, தேன் சேகரிக்கும் உரிமை என்று பொதுவாக எழுதி, பாறைப் புள்ளிகளை மட்டும் அழித்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது அகத்தியமலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் நினைவு வந்தது. 1987-ல் அகத்தியமலைக்குப் போன ஆய்வுக் குழு, வழிகாட்டி வந்த காணிகள் ஒரு காயை மென்றபடி களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தது. அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது, 1990களில் காணிகளுக்கென அறக்கட்டளை வைத்து வருமானத்தில் பங்கும் கொடுத்தார்கள். உலகம் முழுக்க இதை நல்ல எடுத்துக்காட்டு என்று பேசினார்கள். ஆனால் பிலாத்திகள் எனப்படும் அவர்களின் மருத்துவர்கள் சிலர், இதை வெளியில் சொல்ல யார் சம்மதம் கொடுத்தது என்று எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். பங்கு கொடுப்பது பிறகு. முதலில் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டும் என்று இங்கே எழுதுகிற நான் அன்று கேட்கவில்லை. சாயங்காலம் தாத்தா ஈக்களிடம் பாடும் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். என் கை தானாகப் போனை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டது. பாட்டு நின்றது. அவர் கோபப்படவில்லை, போனைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். அவள்தான் மெதுவாகச் சொன்னாள், "அக்கா, அது பாறையில பாடுறது. இங்க சும்மா வந்துருச்சு. அதைப் பிடிக்க வேண்டாம்." அவர்கள் கண்முன்னே அழித்தேன், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துக் காட்டினேன். அவள் தன் போனில் அந்தப் பாட்டை வைத்திருக்கிறாளாம், தம்பிகளுக்காக. யாருக்கும் அனுப்புவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து தாத்தா வேறு பாட்டு பாடினார், கிழங்கு தோண்டப் போகும் பாட்டு. "இதை எடுத்துக்க" என்றார். அது என்னிடம் இருக்கிறது.

கூடலூரிலிருந்து நேற்றிரவு இந்தப் பகுதியைக் குரல் செய்தியாக வாசித்து அவளுக்கு அனுப்பினேன். அங்கே டவர் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும், அதனால் பதில் இன்று பதினோரு மணிக்குத்தான் வந்தது. தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினாளாம். முட்டி வலி என்று எழுதியதைப் பற்றிச் சிரித்தாராம், இருக்கட்டும் என்றாராம். ஓடையைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினோம் என்று நான் எழுதியிருந்த இரண்டு வரியை எடுத்துவிடச் சொன்னார்.

எடுத்துவிட்டேன்.